வாடையை எடைபோட்ட கதை

'மின்மூக்கு' என்று ஒரு கருவிக்குப் பேர் வைத்தாகிவிட்டது. தேயிலை, காபி, விஸ்கி, மீன், நோயாளியின் மூச்சு என்று எதை நீட்டினாலும் முகர்ந்து பார்த்து இன்னது என்று சொல்லும் என்கிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே மூக்கு மாதிரி எதுவும் இருக்காது. மின்மூக்குகளில் பல வகை உண்டு. நான் இங்கே பேசப்போகிற வகைக்குள் இருப்பவை சில படிகச் சில்லுகள். ஒவ்வொன்றும் விநாடிக்குக் கோடித் தடவை, சில சமயம் பல கோடித் தடவை, காதுக்குக் கேட்காத ஒலியில் அதிர்ந்துகொண்டிருக்கும். வாடை அதன்மேல் படிந்தால் சில்லு கனத்துப்போகும். அதிர்வு துளி மந்தப்படும். அந்த மந்தத்தை எண்ணிச் சொல்வதற்கு ஒரு மின்சுற்று. ஆக, தராசு என்றால்தான் இதற்குப் பொருத்தமான பேர். தராசு என்றதும் படிக்கல்லை யார் வைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

மூக்கைத் தத்துவக்காரர்கள் மதித்ததில்லை. காண்ட் 1798இல் வெளியிட்ட மானுடவியல் நூலில், ஐம்புலன்களில் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கத்தக்கது எது என்று கேட்டு முகர்தலைக் கைகாட்டுகிறார். அவர் சொல்கிற குறைகளில் ஒன்று யோசிக்கத்தக்கது. வாடை அடுத்தவர்மேல் வலிய வந்து விழுகிறது, வேண்டாம் என்கிறவனும் முகர்ந்தாக வேண்டும், ஆகவே அது சுதந்திரத்துக்கு விரோதமானது என்கிறார். நம் தொல்காப்பிய மரபியலிலும் மூக்கு மூன்றாம் அறிவுதான். கறையானுக்கும் எறும்புக்கும் அதோடு சரி. கண்ணும் காதும் அதற்கு மேலே.

லின்னேயஸ் 1750களில் வாடைகளை ஏழு வகுப்பாகப் பிரித்தார். ஸ்வார்டமேக்கர் என்ற டச்சுக்காரர் 1888இல் ஒரு குழாய்க் கருவி செய்தார். வாடைப் பொருளால் ஆன குழாயை எவ்வளவு தூரம் நீட்டினால் மணம் தெரிகிறது என்று பார்ப்பது அதன் வேலை. ஆனாலும் கடைசியில் 'தெரியுது' என்று சொன்னது ஒரு மனுஷ மூக்குதான். 1914இல் டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் மாணவர்களிடம் பேசும்போது, ஒரு வாடை இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு என்று அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். அளக்கிற வரைக்கும் வாடைக்கு விஞ்ஞானம் கிடையாது என்பது அவர் கருத்து.

அளவு இல்லாதபோதும் முகர்தல் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலென் கொர்பேன் 1982இல் எழுதிய நூல் இதைத்தான் விரிக்கிறது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பிரான்ஸின் மேல்தட்டு தன் உடம்பிலிருந்து வாடையைக் கழுவித் துடைத்து, நாறுகிறவர்கள் என்ற பட்டத்தை ஏழைகள்மேல் ஏற்றிய கதை அது. நமக்கு இதை பிரான்ஸிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. 'நாற்றம்' என்ற சொல்லுக்கே என்ன நேர்ந்தது? பழந்தமிழில் அது புலனின் பெயர், பூவுக்கும் உரியது. பிறகு சாக்கடைக்கும் பிணத்துக்கும் மட்டும் என்றாகிவிட்டது. நல்லதையெல்லாம் 'வாசனை' எடுத்துக்கொண்டு போயிற்று. அப்படியும் நம்ம பேச்சில் முகர்தலுக்குச் சொல் பஞ்சமில்லை: நெடி, வீச்சம், வாடை, கவிச்சி, மொச்சை, முடை, ஊசல், காந்தல். சமைக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள் வைத்திருக்கும் சொற்கள் இவை. வீட்டை வாடகைக்கு விடுகிறவர் 'கவிச்சி வாடை ஆகாதுங்க' என்னும்போது கருவாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும். இப்படி ஏற்கெனவே தரம் பிரித்து, யார்யாருக்கோ பங்குபோட்டு வைத்திருக்கும் ஒரு புலனைத்தான் இருபதாம் நூற்றாண்டு எடைபோட முனைந்தது.

அந்த எடைத்தட்டு வாடைக்காகச் செய்யப்பட்டதல்ல. 1880இல் ழாக் க்யூரி, பியேர் க்யூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியும் என்ற எதிர்ப்பக்கமும் அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆய்வுக்கூட விநோதமாகவே கிடந்த இந்த விஷயம் முதல் உலகப்போரில் வேலைக்கு எடுக்கப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க லாஞ்ஜவான் 1917இல் குவார்ட்ஸைக் கடலுக்குள் ஒலி எழுப்ப வைத்தார். இரண்டாம் உலகப்போரில் ராணுவ ரேடியோக்களின் அலைவரிசையைப் பிடித்து நிறுத்த லட்சக்கணக்கில் படிகச் சில்லுகள் அறுக்கப்பட்டன. பிரேசிலின் சுரங்கங்கள் கல்லைக் கொடுத்தன. சில்லின்மேல் தூசி படிந்தால் அலைவரிசை நகர்ந்துவிடும் என்பது அப்போது ஒரு தொல்லை. படிகத்தின்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் அதிர்வெண் இறங்கும் என்பது அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்குத் தெரிந்த கைவேலை.

தொல்லையை அளவையாக்கியவர் ஜெர்மானியரான ஸவர்ப்ரே. கூடுகிற எடைக்கும் குறைகிற அதிர்வெண்ணுக்கும் உள்ள நேர்க்கணக்கை 1959இல் எழுதினார். விநாடிக்கு ஒரு கோடித் தடவை அதிரும் சில்லில், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4.4 நானோகிராம் ஏறினால் ஒரே ஒரு அதிர்வு குறையும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம். 1964இல் வில்லியம் கிங் என்பவர் சில்லின்மேல் ஒரு பூச்சு தடவினார். காற்றில் போகிற ஆவி அந்தப் பூச்சுக்குள் கரையும், சில்லு கனக்கும். கிங் வேலை பார்த்தது எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுப் பிரிவில். முகர வேண்டிய பொருள் இன்னது என்று அந்தக் கம்பெனிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்னொரு கிளை இருக்கிறது. திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே, குளத்து நீரில் அலை போவது மாதிரி, ஓர் அலை ஓடும் என்று ராலே பிரபு 1885இல் கணக்கிட்டார். பூகம்பத்தில் அதற்குப் பங்கு இருக்கலாம் என்பது அவர் யோசனை. 1965இல் கலிஃபோர்னியாவில் வைட்டும் வோல்ட்மரும் குவார்ட்ஸின்மேல் இரண்டு சீப்புகளைப் பல்லுக்குள் பல் கோத்த மாதிரி உலோகக் கோடுகளைப் பதித்து, அந்த அலையை வேண்டும்போது எழுப்பவும் பிடிக்கவும் முடியும் என்று காட்டினார்கள். ரேடாருக்குப் போயிற்று, பிறகு டிவிப் பெட்டிக்கு வந்தது, இன்றைக்கு உங்கள் செல்போனுக்குள்ளும் வடிகட்டியாக உட்கார்ந்திருக்கிறது. இந்த அலையின் சக்தி ஏறக்குறைய ஓர் அலைநீள ஆழத்துக்குள் அடங்கிவிடும். 158 மெகா ஹெர்ட்ஸில் அது குவார்ட்ஸில் சுமார் 20 மைக்ரான். அதாவது மொத்த அலையும் தோலோடு தோலாகத்தான் ஓடுகிறது. தோலில் ஏதாவது படிந்தால் உடனே தட்டுப்படும். 1979இல் வோல்ட்ஜனும் டெஸ்ஸியும் இதை ரசாயன ஆவியை உணரும் சில்லாக்கினார்கள். வோல்ட்ஜன் பிறகு அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்துக்குப் போனார். 1980களில் மேற்பரப்பு அலை மூக்கு அங்கேதான் வளர்ந்தது. முகர வேண்டிய பொருள் நரம்பு விஷவாயு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போர்க்களத்துக்கு முகரும் கருவி அதற்கு முன்பே வந்துவிட்டது. 1960களின் பிற்பகுதியில் வியத்நாமில் அமெரிக்க ராணுவம் 'ஆள் மோப்பி' என்று சொல்லத்தக்க ஒன்றை இறக்கியது. ஜெனரல் எலக்ட்ரிக் தயாரிப்பு. முதுகில் சுமந்துகொண்டு போனார்கள், பிறகு ஹெலிகாப்டரில் கட்டிக் காட்டுக்கு மேலே பறந்தார்கள். வியர்வையிலும் சிறுநீரிலும் இருந்து வரும் அம்மோனியாவை அது தேடியது. இதில் அலையும் இல்லை, படிகமும் இல்லை; வேறு நுட்பம். ஆனால் மனித உடம்பின் கழிவை எதிரியின் அடையாளமாக வாசிக்கும் முறை இதில்தான் கருவி வடிவம் எடுக்கிறது. கருவிக்குக் கெரில்லாவும் தெரியாது, விவசாயியும் தெரியாது, எருமையும் தெரியாது. விஷயம் புரிந்ததும் மரக்கிளைகளில் மூத்திர வாளிகளைத் தொங்கவிட்டுக் கருவியை ஏமாற்றினார்கள் என்பது பலரும் பதிவு செய்திருக்கும் செய்தி. ஏகாதிபத்திய எதிர்ப்பு வரலாற்றில் அந்த வாளிக்கு ஓர் இடம் கொடுக்கலாம்.

கடற்படை ஆய்வகத்தின் சில்லுகளில் ரகசியம் படிகத்தில் இல்லை, பூச்சில்தான் இருந்தது. சரின், சோமன் போன்ற நரம்பு விஷங்களின் மூலக்கூறில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் நிற்கும். அந்த ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் இழுத்துப் பிடிக்கும் ஃப்ளோரின் கலந்த பாலிமர்களைத் தேர்ந்து தடவினார்கள். பூச்சு என்பது காற்றிடம் கேட்கப்படும் கேள்வி. 'நீ நரம்பு விஷமா?' என்று இந்தப் பூச்சு கேட்கிறது. ஆனால் இதே மாதிரிப் பிணைப்பு வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகளிலும் உண்டு. ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்ல முடியாது: நரம்பு விஷங்களில் முதலாவதான டபுன், 1936இல் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடும்போதுதான் கிடைத்தது. பூச்சிமருந்து ஆவியால் பொய் எச்சரிக்கை அடிப்பது விஷவாயுக் கருவிகளின் தெரிந்த பிரச்சினை. துறையின் சொல்லாடலில் அதற்குப் பெயர் 'குறுக்கீடு'. மருந்து அடிக்கிற கூலியாளின் நுரையீரலுக்குள் போவதும் அதே குடும்பத்துப் பொருள்தான். படைவீரனுக்கு முன்னால் வந்தால் அபாயம், கூலியாளுக்கு முன்னால் வந்தால் கணக்கிலிருந்து நீக்க வேண்டிய குறுக்கீடு.

ஒரு பூச்சு ஒரு பொருளை மட்டும் பிடிப்பதில்லை. அதனால்தான் ஒரு சில்லு போதவில்லை, வரிசையாக வைக்க வேண்டிவந்தது. இந்த யோசனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1982இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாடும் டாடும் மூன்றே மூன்று உலோக ஆக்ஸைடு சென்சார்களை வைத்துச் சோதித்தார்கள். ஜப்பானில் டகுச்சி 1962இல் கண்டுபிடித்து, பிறகு வீட்டுச் சமையல் வாயு கசிந்தால் கத்துவதற்கு மாட்டிய சென்சார்களின் இனம் அது. ஒவ்வொன்றும் எல்லா வாடைக்கும் கொஞ்சம் கொஞ்சம் பதில் சொல்லும். எதுவும் தனித்துச் சரியாகச் சொல்லாது. ஆனால் மூன்று பதில்களையும் சேர்த்து வைத்தால் ஒரு கோலம் கிடைக்கும், அந்தக் கோலம் வாடைக்கு வாடை மாறும். நம் மூக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதற்கு 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் மரபணு ஆதாரம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2004இல் நோபல் பரிசு. மனிதருக்கு வேலை செய்கிற முகர்வு ஏற்பிகள் சுமார் நானூறு வகை. டோக்யோவில் நகமோட்டோவும் மொரிஇசுமியும் குவார்ட்ஸ் சில்லு வரிசையோடு நரம்பு வலைக் கணிப்பைச் சேர்த்து 1990 வாக்கில் விஸ்கிகளைப் பிரித்துக் காட்டினார்கள். 1991இல் ரெய்க்யவிக்கில் இந்தத் துறைக்கென்று நடந்த முதல் பெரிய கூட்டம் நேட்டோவின் ஆதரவில் நடந்தது. 1994இல் கார்ட்னரும் பார்ட்லெட்டும் 'மின்மூக்கு' என்ற சொல்லுக்கு வரையறை எழுதினார்கள்.

மின்சுற்றுக்கு வருவோம், அரசியல் அதற்குள்ளும் இருக்கிறது. சில்லைப் பெருக்கியோடு வளையமாக இணைத்தால் தானே அதிர ஆரம்பிக்கும். பத்துக்கோடிக்கு மேல் வரும் அதிர்வில் நூறோ ஆயிரமோ குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்திலேயே வாடை படாத, பூச்சில்லாத இன்னொரு சில்லை ஓடவிடுவார்கள். இரண்டு அதிர்வையும் கலந்து வித்தியாசத்தை மட்டும் வடித்தெடுத்து எண்ணுவார்கள். வெயில் ஏறினால் இரண்டு சில்லுமே நகரும், கழித்தால் போய்விடும். ஈரப்பதத்தை இப்படி முழுசாகக் கழிக்க முடியாது. பூச்சு தண்ணீரைக் குடிக்கும், வெறும் சில்லு அவ்வளவு குடிக்காது. மழைக்காலத்தில் கருவி உளறுவது இதனால்தான். அருகருகே இருக்கும் சில்லுகள் கிட்டத்தட்ட ஒரே அதிர்வில் ஓடினால், ஒன்றையொன்று இழுத்துக் கடைசியில் ஒன்றாகப் பாடத் தொடங்கிவிடும். அப்புறம் வித்தியாசமும் இல்லை, வாடையும் இல்லை. இதைத் தவிர்க்க ஒவ்வொன்றையும் உலோகப் பெட்டிக்குள் பிரித்து அடைப்பார்கள், அல்லது முறைவைத்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடுவார்கள். ஒருமித்த குரலைக் கண்டு அஞ்சும் சுற்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கழித்தல். முகரத் தொடங்குமுன் கருவிக்குள் 'சுத்தக் காற்றை' ஓடவிட்டு, அப்போது வரும் எண்ணைச் சுழி என்று எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வருகிற மாற்றம் மட்டும்தான் வாடை. சுத்தக் காற்று என்று எதை எடுத்தோமோ அதில் ஏற்கெனவே இருந்தது கருவிக்குத் தெரியாது. கடைசியாகப் பெயர். கோலங்களுக்குப் பெயர் கொடுத்துக் கருவியைப் பழக்க வேண்டும். பழக்காத வாடைக்குப் பெயர் வராது, அல்லது பழக்கியவற்றில் கிட்டத்தில் இருக்கும் பெயர் வரும். பூச்சு, சுழி, பெயர். மூன்றையும் யாரோ முன்கூட்டியே தீர்மானித்த பிறகுதான் காற்று உள்ளே வருகிறது. அறிவும் அதிகாரமும் பின்னிக் கிடப்பதைப் பற்றி பூக்கோவை வைத்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு பெருக்கி, ஒரு படிகம், ஒரு எண்ணிக்குள் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கத்து ஆட்கள் சிலர் 2004இல் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகச் சேர்ந்து, என்ன வாடை, எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசை என்று குறித்துவைக்க ஆரம்பித்தார்கள். ஆலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் உலகம் முழுக்கக் கேட்கிற பதில் ஒன்றுதான்: வாடை சாட்சி ஆகாது. ஆகவே அவர்கள் வாளியையும் எடுத்தார்கள். இது தொங்கவிடுகிற வாளி இல்லை. 1995இல் கலிஃபோர்னியாவில் எண்ணெய் ஆலை ஒன்றின் புகை பட்டு நோயுற்ற வழக்கறிஞர் எட்வர்ட் மாஸ்ரி ஏற்பாட்டில் உருவான மலிவான கருவி. மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை, காற்றை உள்ளே இழுக்க ஒரு சின்ன பம்பு. பைக்காற்று அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்து, 22 ரசாயனங்களின் பட்டியலாகத் திரும்பி வந்தது. மூக்கு சொன்னபோது புகார், பட்டியல் சொன்னபோது அறிக்கை. எங்கே, எப்போது வாளியைத் திறக்க வேண்டும் என்று தீர்மானித்தது மூக்குதான் என்பதைப் பட்டியலைப் படிக்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆய்வகத்தால் அந்த நேரத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

2009இல் மத்திய அரசு அறிவித்த காற்றுத்தர அளவுகோலில் 12 பொருள்கள் உண்டு. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் இல்லை. முட்டைக்கோஸ் அழுகின மாதிரி அடிக்கும் மெர்காப்டன்களும் இல்லை. ஊர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போதே காற்று 'வரம்புக்குள்' இருக்கலாம்.

அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடில் ஒரு கொடுமை உண்டு. காற்றில் பத்துலட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். நூறு பங்கு வாக்கில் போனால் முகர்வு நரம்பை மரக்கச் செய்துவிடும், வாடை நின்றுபோகும். பல நூறு பங்கு என்றால் ஆளைச் சாய்க்கும். பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்தவருக்கு 'இப்ப வாடை இல்லை' என்று தோன்றுகிற அந்தக் கணத்தில் உள்ளே இருப்பது மரணம். இங்கே மனித மூக்கைப் புகழ்ந்துகொண்டிருக்க வழியில்லை, கருவி வேண்டும். ஆனால் நான் மேலே சொன்ன அலை மூக்கு இந்த வேலைக்கு மந்தம்: பாலிமர் பூச்சில் கரைவது கனத்த ஆவிகள், இம்மாதிரி லேசான வாயு அதில் அவ்வளவாகத் தங்காது. இதற்கு மின்வேதிச் சென்சார் உண்டு. கையடக்கமானது, பல காலமாகக் கடையில் கிடைப்பது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் சொல்லும் பாதுகாப்புச் சாதனங்களில் வாயு அளக்கும் கருவியும் ஒன்று. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 2014இல் உச்சநீதிமன்றம் பத்து லட்சம் என்று சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. குழிக்குள் இறங்குகிறவர்கள் எந்தச் சாதியிலிருந்து வருகிறார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டு, தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிவிட்டு இறங்குவதுதான் பல இடங்களில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் மின்மூக்கு.